தலையைத் தூக்காதீங்க அண்ணாச்சி

தலையைத் தூக்காதீங்க அண்ணாச்சி. யாரு பேசுறான்னு பார்க்கத் தூக்கினீங்கன்னா அம்புட்டுதான், பண்ணின ஆபரேசன் வீணாப் போயிரும். உங்க வீட்டம்மா தனபாக்கியம்தான் என்னைய உக்கார வச்சிட்டுப் போயிருக்கு. கீழே மருந்து வாங்குற எடத்துல வரிசை வாசல் வரைக்கும் நிக்குதாம். வர்றதுக்கு ஒரு மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் இவரு கிட்ட இருங்க யக்கா, கண்ணசந்தாலும் பெரள விட்றாதீங்கன்னு கையைப் புடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு. பன்னெண்டு மணிக்குச் சொட்டு மருந்து. மஞ்ச மூடி மொதல்ல, அஞ்சு நிமிசம் கழிச்சு வெள்ளை மூடி. மறக்க மாட்டேன். கண்ணுக்குச் சொட்டு ஊத்துறதுல பதினாலு வருசப் பழக்கம் எனக்கு.

தண்ணி புடிக்கிற எடத்துல நின்னு அழுதுக்கிட்டு இருந்துச்சு பாவம். யாருக்கு என்னத்தான்னு கேட்டேன். சொல்லுச்சு. கண்ணுக்குள்ள பின்பக்கம் ஒரு தெரை இருக்காம், உங்களுக்கு வெடிச்ச அதிர்ச்சியில அது பிஞ்சு தொங்கிருச்சாம். ஒட்ட வச்சு, உள்ள காத்தை அடைச்சு விட்டிருக்காங்களாம். நீங்க குப்புறக் கெடந்தாத்தான் அந்தக் காத்து மேல ஏறித் தெரையை அமுக்கிப் புடிக்குமாம். பத்து நாளு. அண்ணாந்து படுத்தாலோ எந்திரிச்சு உக்காந்து வேடிக்கை பார்த்தாலோ மறுபடியும் பிஞ்சிருமாம். அடுத்த தடவை ஒட்டாதாம்.

பத்து நாளு தரையைப் பார்த்துக்கிட்டுக் கெடக்கணும்னா யாருக்கும் பைத்தியம் புடிச்சிரும். அதான் பேசிக்கிட்டு இருப்பமேன்னு வந்தேன். காதுல ஒண்ணும் கோளாறு இல்லையே? அந்தத் தலகாணி ஓட்டை வழியா உங்களுக்கு என் காலு தெரியும். வெடிச்சுப்போன காலு. அதைப் பார்த்துக்கிட்டே கேளுங்க.

என் கொழுந்தனார் ஒருத்தருக்கு இதே ஆஸ்பத்திரியிலதான் பொரை எடுத்தாங்க. கட்டைப் பிரிச்சதும் பொண்டாட்டியைப் பார்த்து, ஏ புள்ள, நீ எப்ப இம்புட்டுக் கெழவியானேன்னு கேட்டாரு. அவ ரெண்டு நாளு சோறு போடல. நல்லாத் தெரியுதுன்னா அதுலயும் வம்புதான். சரி அது கெடக்கட்டும்.

நான் எதுக்கு வந்தேன்னா, என் மகளுக்கு ஒரு கண்ணு போச்சு, அதுக்குப் பதிலா வேற கண்ணு செய்யுறாங்க. கீழே மூணாம் நம்பர் ரூம்ல. ஒரு பொண்ணு, இருபத்தஞ்சு வயசு இருக்கும், மெல்லிசாப் பிரசு வச்சுக்கிட்டு என் மகளோட நல்ல கண்ணைப் பார்த்துப் பார்த்து வரையுது. கருவிழி கருப்புன்னுதானே நாம நெனைக்கிறோம்? கருப்பே இல்லையாம். பழுப்பாம், ஓரத்துல சாம்பக் கலர்ல ஒரு வளையம் இருக்காம். வெள்ளையில நரம்பு தெரியுதுல்ல, அதுக்குச் செவப்புப் பட்டு நூலைப் பிரிச்சுப் பிரிச்சு ஒட்டுது. பெத்தவ நான், முப்பத்தாறு வருசமாப் பார்க்குறேன், எனக்குத் தெரியாதது அந்தப் பொண்ணுக்கு ஒரு காலையில தெரிஞ்சு போச்சு. நாளைக்கு மாட்டி விட்டுருவாங்களாம். பார்க்க அசல் கண்ணு மாதிரியே இருக்குமாம். பார்வைதான் இருக்காது.

எதுல போச்சுன்னா, மருந்துல. பயராபீஸ்ல பட்டாசுக்கு அடைக்கிற மருந்துல. நீங்களும் பயராபீஸ்ல போர்மேனா இருந்தவருன்னு தனபாக்கியம் சொல்லுச்சு. அப்ப உங்களுக்கு வெளக்க வேண்டியதில்ல. உங்களுக்கு எப்படி ஆச்சுன்னும் சொல்லுச்சு. சிரிச்சிறக் கூடாதுன்னு முந்தானையை வாயில வச்சுக்கிட்டேன். மச்சினன் மகளுக்குச் சடங்கு வச்சிருந்தாங்களாம், தெருவுல வெடி போட்டாங்களாம், ஒண்ணு புஸ்ஸுன்னு போயி வெடிக்கலையாம். நீங்க போயிக் குனிஞ்சு பார்த்தீங்களாம். முப்பது வருசம் போர்மேனு! வெடிக்காததுக்கு மேல குனியாதே, அரை மணி நேரம் கிட்டப் போகாதேன்னு தெனமும் காலையில வரிசையா நிக்க வச்சுப் படிச்சுப் படிச்சுச் சொல்ற ஆளு, குனிஞ்சாராம்.

சிரிக்கல அண்ணாச்சி. வயசானா எல்லாருக்கும் மறதிதான்.

எனக்கும் ஒரு போர்மேனைத் தெரியும். சாத்தூருக்குக் கெழக்கே, ஓடையைத் தாண்டி ஒரு பயராபீஸ். நானும் என் மக வேலுத்தாயும் அங்கதான் வேலை பார்த்தோம். அந்த ஆளு நல்லவன்னுதான் எல்லாரும் சொல்லுவாக. பொம்பளையாளுகளை வாடி போடின்னு பேச மாட்டான். ஒரு நாளு எனக்கு மயக்கம் வந்துச்சு, அவன் வீட்டுல இருந்து கொண்டாந்த மோரைக் குடுத்தான். மோரு புளிப்பு. அதை ஏன் சொல்றேன்னா, நல்லது செஞ்சாலும் அவன் அரைகொறையாத்தான் செய்வான்.

தெனமும் காலையில வரிசையா நிக்க வச்சுச் சொல்லுவான். செருப்போட உள்ள வராதே. சேப்டி பின்னு குத்தாதே. மருந்துல தண்ணி பட விடாதே, ஒரு சொட்டு பட்டாலும் சூடேறிப் பத்திக்கிரும். இதைத் தெனம் சொன்னான். எச்சி தொட்டுத் திரி முறுக்கக் கூட விட மாட்டான். எங்க கனவுலயும் அந்த வார்த்தைதான் வரும். மருந்துல தண்ணி பட விடாதே.

புரட்டாசி மாசம். தீவாளிக்கு இருபது நாளுதான் இருந்துச்சு. ரூம்ல நாலு பேருதான் உக்காரணும்னு சட்டம். நாலு பேரை வச்சு எப்ப வேலையை முடிக்க? ஓனரு நெருக்குறான். இந்த ஆளு என்ன செஞ்சான்? வேலுத்தாயையும் இன்னும் மூணு புள்ளைகளையும் வேப்ப மரத்தடியில உக்கார வச்சு மருந்து அடைக்கச் சொன்னான். வெயில்ல, காத்துல. நான் ரெண்டு எட்டு தள்ளி வெடிக்குப் பேப்பர்க் குழாய் ஒட்டிக்கிட்டு இருந்தேன். பதினோரு மணி இருக்கும். என்ன ஒரசுச்சோ, எது பத்துச்சோ தெரியல. படார்னு ஒரு சத்தம். நல்லவேளை கொஞ்ச மருந்துதான். மத்த மூணு பேரும் கையில லேசான காயத்தோட எந்திரிச்சிட்டாளுக. வேலுத்தாயி மட்டும் குனிஞ்சு இருந்தவ. மொகம் பூரா வெள்ளிப் பொடி. அம்மா கண்ணு, அம்மா கண்ணுன்னு கத்துறா.

அந்த ஆளு ஓடி வர்றான். எப்படி வர்றான்? ஒரு கொடம் தண்ணியைத் தூக்கிக்கிட்டு வர்றான்!

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. புள்ளை மொகம் பூரா மருந்து. தண்ணியை ஊத்துனா சூடேறி வெந்து போகும்ல? அவன் சொல்லிக் குடுத்ததுதானே? நான் குறுக்க விழுந்து கொடத்தைத் தட்டி விட்டேன். ஒரே தட்டு. பிளாஸ்டிக் கொடம், உருண்டு ஓடை வரைக்கும் போச்சு. புள்ளையைச் சேலையால பொத்தி, இழுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். அன்னைக்கு நான் மட்டும் இல்லேன்னா அவ மொகமே இருந்திருக்காது. எங்க ஊருல இன்னைக்கும் கேட்டுப் பாருங்க, நாந்தான் சொல்லுவேன்.

வீட்டுல என் மருமக பாண்டீஸ்வரி பிள்ளை பெத்து முப்பது நாளு. தாய்ப்பாலைப் பீச்சிக் கண்ணுல விட்டேன். குளிர்ச்சி. நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி வச்சு, துணியை இறுக்கிக் கட்டுனேன். என்னென்ன செய்யணுமோ அம்புட்டையும் செஞ்சேன். அந்த ஆளு என்ன செஞ்சான்? வாசல்ல வந்து நின்னு, ஆஸ்பத்திரிக்குப் போவோம் மதினி, காரு சொல்லியிருக்கேன், ஆனா சோதனைக்கு வந்த ஆபீசருங்க ஜீப்பு ரோட்டுல நிக்கு, அது போகட்டும்னான். ஜீப்பு போக மத்தியானம் மூணு மணி ஆச்சு. கார்ல ஏறினதும் கையெடுத்துக் கும்புட்டான். ஆஸ்பத்திரியில கேட்டா வீட்டுல ஸ்டவ்வு வெடிச்சிருச்சுன்னு சொல்லுங்க மதினி, மரத்தடின்னு தெரிஞ்சா ஆபீஸுக்குச் சீல் வச்சிருவாக, இருநூறு குடும்பம் பட்டினின்னான். நானும் சொன்னேன். எம் புள்ள வலியில துடிக்கும்போது, ஸ்டவ்வு வெடிச்சிருச்சுங்கய்யான்னு இந்த வாயால சொன்னேன்.

டாக்டரு இமையைப் பெரட்டிப் பஞ்சால தொட்டு எடுத்து என் மொகத்துக்கு நேரா நீட்டுனாரு. ஸ்டவ்வுக்குள்ள அலுமினியப் பவுடரு எப்படிம்மா வந்துச்சுன்னாரு. பாட்டிலு பாட்டிலா என்னமோ தண்ணியை ஊத்திக் கழுவுனாங்க, அரை மணி நேரம். அவ கத்துன கத்து இன்னும் என் காதுல கெடக்கு. தண்ணின்னா அப்படித்தானே எரியும்.

என்ன அண்ணாச்சி, தோளு ஆடுது? கழுத்து வலிக்குதா? புடிச்சு விடவா? வேண்டாமா. சரி.

இன்னுமா நான் யாருன்னு தெரியல? மோரு வாங்கிக் குடிச்சவ குரலு மறந்து போச்சா சோலையப்பா?

படு! தூக்காதே. தூக்காதேன்னா தூக்காதே. என் கையில இன்னும் தெம்பு இருக்கு, உன் பெடரியை அமுக்குறதுக்குப் போதும். என்ன சொன்னே? மதினியா. ஆமா, மதினிதான். சீனியம்மாதான்.

நீங்க வேற ஊரு, தனபாக்கியமும் நானும் முன்னப்பின்ன மொகம் பார்த்தது இல்ல. அது உன் பேரைச் சொன்னதும் எனக்கு என்ன ஆச்சு தெரியுமா? கையில இருந்த தண்ணி பாட்டிலு நெரம்பி வழியுது, மூடத் தெரியல. பதினாலு வருசம் தேடினவன் மாடியில குப்புறக் கெடக்கான், அவன் பொண்டாட்டியே வந்து, யக்கா அவரைப் பார்த்துக்கோங்கன்னு என்கிட்ட ஒப்படைக்கிறா. இருக்கன்குடி ஆத்தாதான் மொகத்தைக் காட்டுனாளோன்னு நெனைச்சேன். ஆமாய்யா, வேண்டிக்கிட்டேன். எம் மகளுக்காக வெள்ளியில கண்மலரு வாங்கி ஆத்தாளுக்குச் சாத்துன அன்னைக்கு, அதே வாயால உனக்கும் வேண்டிக்கிட்டேன். தாயே, அவன் கண்ணுல ஒண்ணை எடுத்துக்கோன்னு. ரெண்டு கேக்கல. ஒண்ணுதான். அவ என்ன செஞ்சா பார்த்தியா? முப்பது வருசம் குனியாதேன்னு சொன்னவனைக் குனிய வச்சா.

படி ஏறும்போதே யோசிச்சேன். ஒரு வார்த்தை போதும். ஐயோ தனபாக்கியம் படியில விழுந்துட்டாளேன்னு ஒரு சத்தம் குடுத்தா நீ விருட்டுன்னு எந்திரிப்பே. தெரை பிஞ்சிரும். என்னைய யாரு என்ன சொல்ல முடியும்? வயசான கெழவி, கண்ணு சரியாத் தெரியல, யாரோ விழுந்தா, தனபாக்கியம்னு நெனைச்சிட்டேன்னா முடிஞ்சு போச்சு. பதினோரு மணியில இருந்து அந்த வார்த்தையை நாக்குல வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்.

எனக்கு உம்மேல என்ன கோவம்ங்கிறே? மரத்தடியா? எல்லாப் பயராபீஸ்லயும் மரத்தடிதான். ஸ்டவ்வா? அதுவும் நாந்தானே சொன்னேன். கோவம் அதுல இல்ல. அந்த டாக்டரு கேட்டாருல்ல, பட்ட ஒடனே தண்ணி ஊத்திக் கழுவியிருந்தா இந்தக் கண்ணு இம்புட்டு வெந்திருக்காதே, பக்கத்துல ஒருத்தரு கையிலயும் தண்ணி இல்லையான்னு. நான் வாயைத் தொறக்கதுக்குள்ள நீ முன்னால வந்து நின்னே. என் கையில இருந்துச்சு சார், ஊத்தாமப் போயிட்டேன், என் தப்புதான்னே. நீ சொன்னதை நர்சம்மா கேட்டுச்சு, காரோட்டி கேட்டான், எம் மக கேட்டா. நீயே ஒத்துக்கிட்டே. யாரும் உன்னை அடிச்சு வாங்கல.

அதை வச்சுத்தான்யா நான் பதினாலு வருசம் பேசுறேன். கொழாயடியில பேசுனேன், பஸ்ஸுல பேசுனேன், கோயில் பொங்கலுக்கு வந்த அம்புட்டு சனத்துக்கிட்டயும் பேசுனேன். தண்ணியைக் கையில வச்சுக்கிட்டு எம் மக கண்ணு வேகுறதைப் பார்த்துக்கிட்டு நின்னவன்னு. ஓனரு உன்னை வேலைக்கு வராதேன்னான்ல, அது என் வாயால. உன் மகளைப் பொண்ணு பார்க்க வந்தவுகளை பஸ் ஸ்டாப்புல மறிச்சது யாருன்னு நெனைச்சே? நாந்தான். அந்த வீட்டுல பொண்ணு எடுக்கீகளா, அவன் செஞ்சதைக் கேளுங்கன்னு சொன்னேன். அவுக வந்த வண்டியிலயே திரும்பிட்டாக. நீ ஒரு நாளு எங்க வாசலுக்கு வந்தே. வேலுத்தாயைப் பார்க்கணும் மதினின்னே. சாணித் தண்ணியை எடுத்து மூஞ்சியில ஊத்துனேன். அதோட போனவன்தான். மனுசன்னா ரெண்டாவது தடவை வர வேண்டாமா? ஒருக்க ஊத்துனா ஒருக்கத்தானே? குடும்பத்தோட ஊரை விட்டே போயிட்டே.

பேசு. இப்பப் பேசு. அன்னைக்கு டாக்டரு முன்னால வாய் இருந்துச்சுல்ல. தலையைத் தூக்காமப் பேசு.

என்ன?

சத்தமாச் சொல்லு, தலகாணிக்குள்ள பேசுறது கேக்கல.

"அந்தக் கொடத்தை நான் ஓடி எடுத்து, மறுபடியும் ரொப்பிக்கிட்டு வந்திருக்கணும் மதினி. ஒரு தடவை தட்டி விட்டா, ரெண்டாவது தடவை ஊத்தியிருக்கணும்."

ம்.

தட்டி விட்டாங்கிறே. யாரு தட்டி விட்டான்னு சொல்ல மாட்டே. இப்பவும் சொல்ல மாட்டே. பதினாலு வருசமா ஒருத்தர்கிட்டயாவது சொன்னியா? வேலை போனப்ப ஓனருகிட்டச் சொன்னியா? மக கல்யாணம் நின்னப்பச் சொன்னியா? தனபாக்கியத்துக்கிட்டயாவது? அதுக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதிருக்குமா?

ஏன்யா சொல்லல? நீ சொல்லியிருந்தா நான் உன் கூடச் சண்டைக்கு வந்திருப்பேன். மயித்தைப் புடிச்சு இழுத்துத் தெருவுல உருட்டியிருப்பேன். நீதானேடா தண்ணி ஆகாதுன்னு சொன்னே, மருந்துக்கு ஆகாது கண்ணுக்கு ஆகும்னு சேர்த்துச் சொன்னியாடான்னு கேட்டிருப்பேன். நீயும் திருப்பிக் கேட்டிருப்பே. ஊரு வெலக்கி விட்டிருக்கும். ஒரு மாசத்துல ஓஞ்சு போயிருக்கும். நீ பெரிய மனுசனாட்டம் எல்லாத்தையும் உன் தலையில தூக்கி வச்சுக்கிட்டுப் போயிட்டே. எனக்குன்னு நீ என்னத்தை விட்டுட்டுப் போனே? ராத்திரி பகலா வைய ஒரு பேரை விட்டுட்டுப் போனே.

வேலுத்தாய்க்கும் தெரியும். கண்ணு போனாலும் காது இருந்துச்சுல்ல, கொடம் உருண்டது கேட்டிருக்கும்ல. அவளும் ஒரு வார்த்தை கேட்டதில்ல என்னைய. நான் உன்னை வையும்போதெல்லாம் எந்திரிச்சு உள்ள போயிருவா. நான் என்னத்தையோ நெனைச்சுக்கிட்டேன். அம்மா பேச்சு புடிக்கல, மறக்க நெனைக்கிறான்னு.

நான் ஒண்ணும் தப்புச் செய்யல. கேட்டுக்கோ. பெத்தவ வேற என்ன செய்வா? சொல்லிக் குடுத்ததைச் செஞ்சேன்.

மணி பன்னெண்டு ஆகுது. இரு, கையைக் கழுவிக்கிட்டு வாரேன். சோப்புப் போட்டுக் கழுவாமத் தொடக் கூடாது.

இப்பப் பைய, தலையை மட்டும் ஒருச்சாச்சுக்கோ. தூக்காதே, ஒருச்சாய். நானே புடிச்சுக்கிறேன். கீழ் இமையை இழுக்குறேன், மேல பார்க்காதே, என்னையும் பார்க்காதே. ம். விழுந்துச்சு. மூடு. இறுக்கி மூடாதே, சும்மா மூடு. கசக்கக் கூடாது, தொடக் கூடாது, யாரு எதைக் கொண்டாந்து குடுத்தாலும், தாய்ப்பாலுன்னாலும் வெளக்கெண்ணெய்யின்னாலும், ஊத்த விடாதே. அடுத்தது அஞ்சு நிமிசம் கழிச்சு.

என்ன, ஏன் செய்யுறான்னு பார்க்குறியா? எரக்கம்னு நெனைச்சிறாதே. எனக்கு உம்மேல எரக்கமெல்லாம் கெடையாது. அரைக் குருடனைப் போயி நான் என்ன செய்ய? அவனுக்குப் பாதிதான் தெரியும், நிம்மதியாக் கெடப்பான். உன் கண்ணு ஒட்டணும். அது முழுசா, பளிச்சுன்னு தெரியணும். பத்தாம் நாளு நீ நிமிரும்போது எம் மகளைக் கூட்டியாந்து உன் முன்னால நிறுத்துவேன். ஒரு கண்ணு பெத்தது, ஒரு கண்ணு வரைஞ்சது. ரெண்டையும் நீ நின்னு நெதானமாப் பார்க்கணும். பக்கத்துல நானும் நிப்பேன். என்னையும் பார்க்கணும். பார்த்துட்டு, யாரு என்ன செஞ்சோம்னு அவகிட்ட உன் வாயால சொல்லணும். முழுசாச் சொல்லணும். நீ செஞ்சதை மட்டும் சொன்னேன்னா, உன்னை விட மாட்டேன். அதுவரைக்கும் நாளைக்கும் வருவேன், நாளான்னைக்கும் வருவேன். நீ எங்க எந்திரிச்சுப் போயிருவே?

செருப்புச் சத்தம் கேக்குது. உன் பொண்டாட்டி வருது.

வாத்தா தனபாக்கியம், கெடைச்சுச்சா மருந்து? இங்க ஒண்ணும் பிரச்சினை இல்ல. அண்ணாச்சி அசையவே இல்ல, தங்கமாட்டம் கெடந்தாரு. பேச்சுத்தொணைக்கு நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருந்தேன். மஞ்ச மூடி ஊத்தியாச்சு, வெள்ளை மூடிக்கு இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு, அதையும் நானே ஊத்திட்டுப் போறேன். தலகாணி உறையை மட்டும் மாத்திப் போட்டுருத்தா, நல்லா நனைஞ்சு கெடக்கு. சொட்டு வழிஞ்சிருக்கும்.